வெப்சைட் பாக்கிக்கு டொமைனைப் பிடித்து வைக்கலாமா? கரூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி செய்யும் பார்ட்னர்ஷிப் நிறுவனம் அது. சமையலறைத் துண்டு, ஏப்ரன், மேசை விரிப்பு, மெத்தை உறை என்று இங்கே தைத்து, தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். பங்குதாரர்கள் இருவர், மாமன் மச்சான் முறை. நிறுவனத்துக்கு இரண்டு டொமைன்கள் (இணைய முகவரிப் பெயர்கள்). பையர்களின் ஆர்டர், சரக்கு ஏஜென்டான ஃபார்வர்டர் அனுப்பும் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) டிராஃப்ட், வங்கியிலிருந்து வரும் எல்சி (பணம் தருவதற்கான வங்கி உறுதி) அட்வைஸ் எல்லாம் டாட் காம் மெயிலில்தான் வரும். டாட் இன் பெயரில், மிஞ்சிய சரக்கை உள்நாட்டில் விற்க ஒரு சின்ன ஆன்லைன் கடை வைத்திருந்தார்கள்.

இரண்டையும் பல வருடங்களுக்கு முன் பதிவு செய்து கொடுத்தவர் ஈரோட்டில் வெப்சைட் வேலை செய்யும் ஓர் இளைஞர். டொமைன்களைப் பதிவு செய்து தரும் ஒரு பெரிய பதிவாளர் நிறுவனத்திடம் ரீசெல்லர் (வாங்கி மறுவிற்பனை செய்பவர்) கணக்கு வைத்திருப்பவர். அக்டோபர் மாதம் மெயிலையும் வெப்சைட்டையும் வேறிடத்துக்கு மாற்றுவது என்று நிறுவனம் முடிவு செய்து, அவரிடம் ஆத் கோடு, அதாவது டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு கேட்டது. 'பாக்கி 45,000 செட்டில் பண்ணிட்டு வாங்கிக்குங்க' என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை.

டாட் காம் டிசம்பர் நடுவில் காலாவதி ஆகிறது. ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சி. வீட்டு ஜவுளிக்காரர்களுக்கு வருடத்தின் முக்கியமான நாலு நாள் அதுதான். அங்கே கொடுக்க வேண்டிய கார்டும் கேட்டலாகும் இந்த முகவரியோடு அச்சாகி வந்துவிட்டன.

கோவை, ஈரோடு, கரூர் பக்கம் சிறிய அலுவலகங்களுக்கு மெயிலும் நெட்வொர்க்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த வகையில்தான் இது என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி நிறுவனம், பதிவாளர், இளைஞர் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

மூத்த பங்குதாரர் கேட்ட முதல் கேள்வி இது: "காசு குடுத்தது நாங்க, பேரு எங்களுதுங்க. குடுக்க மாட்டேங்கறதுக்கு அவன் யாருங்க தம்பி?"

நியாயமான கேள்விதான். ஆனால் டொமைன் விஷயத்தில் 'யாருடையது' என்பதற்கு முன், 'யாருடைய பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது' என்று பார்க்க வேண்டும். காசு கொடுத்த ரசீது அதற்கு அடுத்தபடிதான்.

பதிவில் என்ன இருந்தது

டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேட்டை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். அதன்கீழ் பதிவாளர்கள். அவர்கள் ஒவ்வொருவரும், இணையப் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்போடு ஒப்பந்தம் போட்டவர்கள். பதிவாளருக்குக் கீழே ரீசெல்லர். அவருக்கும் ஐகேனுக்கும் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் டொமைன் வாங்குவது ரீசெல்லரிடம்தான். அவரையே பதிவாளர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர் போனை எடுக்காவிட்டால் கதவே அடைபட்டதாகத் தோன்றும். அவருக்கு மேலே இருக்கும் பதிவாளர்தான் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், ரீசெல்லர் செய்வதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

பதிவாளர் யார் என்று ஐகேனின் தேடல் பக்கத்தில் போட்டதும் தெரிந்துவிட்டது. உரிமையாளர் விவரம் மட்டும் மறைக்கப்பட்டிருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து உலகம் முழுக்கவே பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பழைய ஃபைலில், முதல் வருடம் அந்த இளைஞர் அனுப்பிய பதிவு உறுதி மெயிலின் பிரிண்ட் அவுட் கிடந்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அம்மா ஜிஎஸ்டி காகிதங்களோடு சேர்த்து வைத்திருந்தார். அதில் டாட் காமுக்கு உரிமையாளர் நிறுவனம் என்ற கட்டத்தில் கம்பெனியின் பெயர் முழுதாக இருந்தது. தொடர்பு மெயில் மட்டும் இளைஞருடையது. டாட் இன்னுக்கோ பெயரும் அவருடையது, மெயிலும் அவருடையது. கம்பெனியின் பெயர் எங்குமே இல்லை.

ஒரே ஆள் ஒரே நாளில் பதிவு செய்த இரண்டு பெயர்கள் இப்படி வேறு வேறாக நின்றதற்குக் காரணம் சூழ்ச்சி இல்லை. ஒன்றை நிதானமாக நிரப்பியிருக்கிறார், அடுத்ததை அவசரத்தில் தன் கணக்கு விவரத்தோடு அப்படியே விட்டிருக்கிறார், அவ்வளவுதான். விளைவு என்னவோ பெரியது. டாட் காமில் நாங்கள் உரிமையாளராகப் பேசலாம். டாட் இன்னில் நாங்கள் வெளியாள், வழக்குத் தொடுக்கிற இடத்தில் இருப்பவர்கள்.

பாக்கி ஒரு காரணமா?

இங்கேதான் விதிப்புத்தகத்தைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொரு பதிவாளருக்கு டொமைனை மாற்றுவதற்கான ஐகேன் கொள்கை 2004 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, பிறகு சில முறை திருத்தப்பட்டது. எந்தக் காரணத்துக்காகப் பழைய பதிவாளர் மாற்றத்தை மறுக்கலாம், எதற்காக மறுக்கவே கூடாது என்று இரண்டையும் அது தனித்தனியாகச் சொல்கிறது.

மறுக்கலாம் என்பவற்றில் சில: மோசடிக்கு ஆதாரம் இருந்தால், உரிமையாளர் யார் என்பதில் நியாயமான தகராறு இருந்தால், பதிவு செய்தோ முந்தைய மாற்றம் நடந்தோ 60 நாள் ஆகாமல் இருந்தால், பதிவுக் கட்டணம் செலுத்தப்படாமல் இருந்தால். கோர்ட் உத்தரவோ, நிலுவையில் உள்ள டொமைன் வழக்கோ இருந்தால் மறுத்தே ஆக வேண்டும்.

கட்டணம் பற்றிய அந்த வரியைக் காட்டித்தான் பல ரீசெல்லர்கள் பயமுறுத்துவார்கள். அதைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அது சொல்லும் கட்டணம் டொமைன் பதிவுக் கட்டணம். ஹோஸ்டிங் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் வாடகை) இல்லை, வெப்சைட் பராமரிப்பும் இல்லை. அந்தக் கட்டணமே பாக்கி என்றாலும், மறுப்பதற்கு முன்பே பதிவாளர் அந்த டொமைனை ஹோல்டில் வைத்திருக்க வேண்டும். அதாவது பெயர் இயங்காமல் நின்றிருக்க வேண்டும். எங்கள் டாட் காம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இன்னொரு வரி இதைவிடத் தெளிவானது: பதிவாளருக்கும் உரிமையாளருக்கும் பணத்தகராறு என்பதை மட்டும் காரணமாக வைத்து ஆத் கோடைத் தராமல் இருக்கக் கூடாது. உரிமையாளர் தன் பங்கைக் கட்டிவிட்டார், இடையில் இருக்கும் வியாபாரக் கூட்டாளி பதிவாளருக்குக் கட்டவில்லை என்றாலும் அது மாற்றத்தை மறுக்கக் காரணம் ஆகாது.

அடுத்து அந்த 45,000 எதற்கு என்று பார்த்தோம். இளைஞர் அனுப்பிய பில்லில் 'டொமைன் + ஹோஸ்டிங் + ஏஎம்சி, 2 வருடம்' என்று ஒரே வரி (ஏஎம்சி என்பது வருடாந்தரப் பராமரிப்பு). பழைய பில்களை வைத்துப் பிரித்தால் பராமரிப்பு வருடத்துக்கு 15,000 வீதம் 30,000, ஹோஸ்டிங் 12,000, இரண்டு டொமைன்களுக்கும் சேர்த்து 3,000 என்று வந்தது. மொத்தத் தகராறில் டொமைனின் பங்கு 3,000 ரூபாய்.

அந்த 3,000 ரூபாயை அன்றைக்கே அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன், 'டொமைன் ரினீவல் மட்டும்' என்று குறிப்போடு. இளைய பங்குதாரருக்கு அதில் விருப்பமில்லை. "பிடிச்சு வெச்சிருக்கறவனுக்கு நாம எதுக்குங்க காசு போடோணும்?" என்றார். மறுப்பதற்கு விதியில் இருக்கும் ஒரே பணக் காரணம் அந்த 3,000 மட்டுமே, அதையும் இல்லாமல் செய்துவிட்டால் அப்புறம் அவர் கையில் விதி எதுவும் மிஞ்சாது என்று சொன்னதும் அனுப்பினார்.

இதெல்லாம் சொன்னாலும், மீதி 42,000 பொய்க்கணக்கு அல்ல. இரண்டு வருடமாக அவர் படங்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார், கேட்டலாகைப் புதுப்பித்திருக்கிறார், மெயில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திருக்கிறார். 'அடுத்த வாரம்' என்று இழுத்தது நிறுவனம்தான். இது என் பார்வை: கடனைக் கேட்பதில் அவர் சரி, அதற்கு அவர் எடுத்த பிணை தப்பு.

மெயிலை முதலில் மாற்றுவதா, டொமைனை முதலில் மாற்றுவதா

இந்த நிகழ்வில் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். இதே இக்கட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கலாம்.

ரீசெல்லர் ஆத் கோடைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் புதிய பதிவாளரிடம் போட்டதும் மாற்றக் கோரிக்கை பழைய பதிவாளருக்குப் போகும். பழைய பதிவாளர் உரிமையாளரின் பதிவு மெயிலுக்கு, 'இப்படி ஒரு கோரிக்கை வந்திருக்கிறது, உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டு அனுப்புவார். 5 நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் மாற்றம் தானாக நடந்துவிடும். பதில் போடாமல் இருந்து மாற்றத்தை நிறுத்த முடியாது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவு மெயில் யாருடையதோ அவர் 'சம்மதமில்லை' என்று ஒரு சொடுக்குப் போட்டால் நின்றுவிடும். எங்கள் நிலையில் அந்த மெயில் ஈரோட்டு இளைஞருடையது.

சரி, முதலில் அந்த மெயிலை மாற்றிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைத்தான் சொன்னார். அங்கே இன்னொரு பொறி இருக்கிறது. 2016 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, உரிமையாளரின் பெயர், நிறுவனப் பெயர், மெயில் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அது 'உரிமையாளர் மாற்றம்' என்று கணக்காகும். அப்படி மாற்றினால் அடுத்த 60 நாளுக்கு வேறு பதிவாளருக்குக் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். நவம்பர் கடைசியில் மாற்றினால் ஜனவரி முடியும் வரை நகர முடியாது. நடுவில் காலாவதித் தேதி, அப்புறம் கண்காட்சி. இந்த 60 நாள் முழுவதும் டொமைன் அதே ரீசெல்லர் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கும்.

மெயிலை மாற்றாமல் கொண்டுபோனால் அவர் தடுக்கலாம், மாற்றிவிட்டுக் கொண்டுபோனால் பூட்டு தடுக்கும்.

இதற்கு ஒரு வழி விதியிலேயே இருக்கிறது. உரிமையாளர் மாற்றத்தைக் கோருவதற்கு முன்னால், 60 நாள் பூட்டு வேண்டாம் என்று விலகிக்கொள்ள உரிமையாளரைப் பதிவாளர் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, கட்டாயம் இல்லை. சில பதிவாளர்கள் மாற்றும் பக்கத்திலேயே ஒரு சிறிய டிக் பெட்டியாக அதை வைத்திருப்பார்கள், சிலர் தருவதே இல்லை. முக்கியமானது வரிசை. மாற்றம் நடந்து முடிந்த பிறகு கேட்டால் பூட்டை எடுக்க மாட்டார்கள். இங்கே சம்பந்தப்பட்ட பதிவாளரிடம் அந்த வசதி இருந்தது.

அதற்கும் ஒரு நிபந்தனை: உரிமையாளர் மாற்றத்துக்குப் பழைய மெயில், புதிய மெயில் இரண்டிலிருந்தும் உறுதி வர வேண்டும். ஆக, எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த இளைஞர் ஒரு தடவையாவது சம்மதித்துச் சொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவாளரே ஆவணங்களைச் சரிபார்த்துக் கையால் மாற்ற வேண்டும்.

இந்த 60 நாள் விதிகளைத் தளர்த்தவும், உரிமையாளர் மாற்றத்துக்கான பூட்டை எடுத்துவிடவும் ஐகேனின் கொள்கைக் குழு பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் பழைய விதிதான் பேசியது.

எந்தக் கதவைத் தட்டுவது

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். வக்கீல் நோட்டீஸ் ரெடி என்றார் இன்னொருவர். திருப்பூரில் உள்ள உறவினர் ஒருவர் இணையத்தில் தேடி, 'டிடிஆர்பின்னு ஒண்ணு இருக்குதுங்க, அதுல போட்டா முடிஞ்சுது' என்றார்.

டிடிஆர்பி என்பது பதிவாளர் மாற்றத் தகராறுகளுக்கான ஐகேன் நடைமுறை. பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்தது போலத் தோன்றும். ஆனால் அதில் புகார் போடப் பதிவாளரால்தான் முடியும். உரிமையாளர் நேரடியாகப் போக முடியாது. விதியை மீறி ஒரு மாற்றம் நடந்துவிட்டது என்று ஒரு பதிவாளர் இன்னொருவர் மேல் 12 மாதத்துக்குள் கொண்டுவருவது அது. எங்கள் டொமைனில் மாற்றமே நடக்கவில்லை.

அந்த மாதிரி ஏற்பாடுகள் எவ்வளவு தேவை என்பதற்கு பேனிக்ஸ் கதை போதும். நியூயார்க்கில் உள்ள பழைய இணையச் சேவை நிறுவனம் அது. 2005 ஜனவரியில் ஒரு வார இறுதியில் அதன் டொமைனை யாரோ மோசடியாக ஆஸ்திரேலியப் பதிவாளர் ஒருவரிடம் மாற்றிக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் வழிமாறிப் போனது. சனி, ஞாயிறு என்பதால் அந்தப் பதிவாளரிடம் பேச ஆளே கிடைக்கவில்லை. இன்று ஒவ்வொரு பதிவாளரும் மற்ற பதிவாளர்களுக்கென்று ஓர் அவசரத் தொடர்பு வைத்திருக்க வேண்டும், அதில் 4 மணி நேரத்துக்குள் ஆள் பதில் தர வேண்டும் என்று விதி இருப்பது இத்தகைய அனுபவங்களால்தான். கரூர் நிறுவனத்தின் டொமைன் இப்படித் திருட்டுப் போயிருந்தால் அந்த அவசரக் கதவைத் தட்டச் சொல்லி நம் பதிவாளரை விரட்டியிருப்பேன்.

யூடிஆர்பி? 1999 முதல் இருக்கும் டொமைன் தகராறு நடைமுறை. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவர் முன் போட 1,500 டாலர் கட்டணம், வக்கீல் செலவு தனி. மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் நம் வணிகக்குறியோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவும் செய்தார், பயன்படுத்தவும் செய்கிறார். கடைசியில் உள்ள அந்த இரண்டு 'உம்'கள்தான் கழுத்தைப் பிடிக்கும். நாம் சொல்லித்தான் அவர் பதிவு செய்தார். அந்த நாளில் தீய நோக்கம் எங்கே இருந்தது? வெப்சைட் செய்தவருக்கும் வாடிக்கையாளருக்கும் வந்த வழக்குகளில் குழுக்கள் இரண்டு விதமாகவும் முடிவு சொல்லியிருக்கின்றன. சில குழுக்கள் பெயரை வாடிக்கையாளருக்கு மாற்றித் தந்திருக்கின்றன, சில குழுக்கள் 'இது ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்' என்று திருப்பி அனுப்பியிருக்கின்றன. அதைவிட முக்கியமாக, டாட் காமின் உரிமையாளர் கட்டத்தில் நம் பெயரே இருக்கும்போது நாம் யார் மேல் வழக்குப் போடுவது?

ஆகவே டாட் காமுக்குச் சரியான கதவு பதிவாளர். அவரும் அசையாவிட்டால், அவர் விதியை மீறுகிறார் என்று ஐகேனின் ஒப்பந்த இணக்கப் பிரிவில் புகார். ஐகேன் உங்கள் பெயரை வாங்கித் தராது, யாருடையது என்று தீர்ப்பும் சொல்லாது. விதிப்படி நடந்தாயா என்று பதிவாளரைக் கேட்கும். பல நேரம் அந்தக் கேள்வியே போதும்.

பதிவாளருக்குக் கடிதம் எழுதினோம். பார்ட்னர்ஷிப் பத்திரம், பான், ஜிஎஸ்டி சான்று, அந்தப் பழைய பதிவு உறுதி மெயில், வருடாவருடம் பணம் கட்டிய பில்கள், 3,000 ரூபாய் அனுப்பிய ரசீது எல்லாம் இணைத்தோம். 'உங்கள் ரீசெல்லரைத் தொடர்பு கொள்ளவும்' என்று முதலில் வழக்கமான பதில் வந்தது. அதற்கு மறுபடி எழுதும்போது கோபம் எதையும் காட்டாமல் மூன்றே விஷயம் குறிப்பிட்டோம்: கோடைத் தருவதற்கான 5 நாள் கெடு, பணத்தகராறுக்காகக் கோடைத் தடுக்கக் கூடாது என்ற வரி, ரீசெல்லருக்கும் பொறுப்பு நீங்கள்தான் என்பது. இந்தத் தடவை டிக்கெட் வேறு மேசைக்குப் போனது. ஆவணங்களைப் பார்த்துவிட்டு, பதிவாளர் ரீசெல்லருக்குக் கெடு வைத்து எழுதினார்.

இளைஞர் தானாகவே போன் செய்தார்.

ஈரோட்டில் ஒரு பேக்கரியில்

எங்கள் பக்கத்தில் பேச வேண்டிய விஷயம் எதுவானாலும் பேக்கரியில்தான் பேசுவோம். மூத்த பங்குதாரரும் வந்தார். இளைய பங்குதாரரை வர வேண்டாம் என்று நானே சொன்னேன்.

"நான் ஒண்ணும் திருடலைங்கண்ணா" என்று ஆரம்பித்தார் இளைஞர். "கோடு குடுத்துட்டா அப்புறம் என்ற காசுக்கு யாருங்க பதில் சொல்றது? கேக்கறப்பெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்லீட்டு இருந்தாங்க."

பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "பாக்கி வெச்சது நாங்க செஞ்ச தப்புத்தான் கண்ணு. அதுக்காக மெயிலப் புடிச்சுட்டா எப்படி? பையருக்கு எங்க மெயில்ல வேற ஒருத்தன் பேங்க் அக்கவுண்ட் நம்பர் மாத்தி அனுப்பீட்டா ரெண்டு கண்டெய்னர் காசு போயிருமல்ல?"

அந்தக் கேள்வியில் இளைஞருக்கு முகம் மாறியது. டொமைன் கையில் இருப்பது என்றால் அந்த நிறுவனத்தின் அத்தனை மெயிலும் கையில் இருப்பது என்பதை அவர் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அவருடைய ரீசெல்லர் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடமாவது சிக்கினால் பழி அவர் மேல்தான் விழும்.

பேச்சு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஹோஸ்டிங் 12,000 உடனே. பராமரிப்பு 30,000-இல் எந்த வேலை நடந்தது, எது நடக்கவில்லை என்று பட்டியல் போட்டு, 24,000-க்கு இறங்கினார்கள். டாட் காம் புதிய பதிவாளரிடம் போய்ச் சேர்ந்த அன்று பாதி, டாட் இன் கைமாறிய அன்று மீதி. ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

டாட் இன்னுக்கு ஏன் பேசித் தீர்த்தோம்

டாட் காமுக்கு விதி எங்கள் பக்கம் இருந்தது. டாட் இன்னுக்கு அப்படி இல்லை என்பதை பேக்கரிக்குப் போவதற்கு முன்பே பெரியவரிடம் சொல்லியிருந்தேன்.

டாட் இன் பதிவேட்டை நடத்துவது இந்தியாவின் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்சி. ஐகேனின் மாற்றக் கொள்கையோ யூடிஆர்பியோ அதற்குப் பொருந்தாது. தகராறு வந்தால் ஐஎன்டிஆர்பி என்ற நிக்சியின் தகராறு நடைமுறை. ஒரு நடுவர் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி விசாரிப்பார். விசாரணை தொடங்கி 60 நாளில் தீர்ப்புத் தர வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். ஒரு வகையில் யூடிஆர்பியைவிட இது நமக்குச் சாதகம். தீய நோக்கத்தோடு பதிவு செய்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்று ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும். அந்த 'உம்' இங்கே 'அல்லது' ஆகிறது. பாக்கிக்காகப் பெயரைப் பிடித்து வைத்திருப்பதைத் தீய நோக்கம் என்று வாதாட இடம் இருக்கிறது.

நிறுவனத்துக்குப் பதிவு செய்த டிரேட்மார்க் இல்லை. அதுவே முடிவு என்றும் சொல்ல முடியாது. 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கு உள்ள தன்மைகள் இருக்கலாம், நீண்ட பயன்பாட்டால் வந்த நற்பெயரைக் காப்பாற்ற வழக்குத் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறது. பையர்களின் ஆர்டர்கள், பில்கள், கண்காட்சி ரசீதுகள் என்று அதை நிரூபிக்கக் காகிதம் இருந்தது. ஆனால் ஒரு சின்ன ஆன்லைன் கடையின் பெயருக்காக அத்தனையும் தோண்டி எடுத்து, வக்கீல் வைத்து, சில மாதம் காத்திருப்பது 12,000 ரூபாய் தவணைக்கு முன்னால் எடுபடவில்லை. அதனால்தான் இரண்டாவது தவணையை டாட் இன்னோடு கட்டினோம்.

மாற்றிய விதம்

முதல் வேலை டொமைனைத் தொடுவது இல்லை. பெயர்ச் சேவையகங்கள், அதாவது மெயிலும் வெப்சைட்டும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் சர்வர்கள், இளைஞருடைய ஹோஸ்டிங்கில் இருந்தன. பதிவாளரை மாற்றினாலும் பெயர்ச் சேவையகம் பழையபடியே தொடரும். அவர் அங்கே கணக்கை மூடினால் மெயில் நின்றுவிடும். அதனால் இருந்த பதிவுகள் அத்தனையையும் வரி வரியாக எடுத்து, தனியாக ஒரு டிஎன்எஸ் (பெயர்ச் சேவையக) சேவையில் போட்டோம். எம்எக்ஸ் (மெயில் எங்கே வர வேண்டும் என்பது) இரண்டு, எஸ்பிஎஃப் (நம் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்பது) ஒன்று, பழைய ஸ்கேனர் மெயில் அனுப்புவதற்காக யாரோ எப்போதோ போட்ட ஒன்று. அந்தக் கடைசி வரி விட்டுப் போயிருந்தால் பேக்கிங் லிஸ்ட் ஸ்கேன்கள் எல்லாம் பையரின் ஸ்பேம் பெட்டிக்குப் போயிருக்கும். பெயர்ச் சேவையகத்தை மாற்றி, ரெண்டு நாள் மெயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தோம்.

அடுத்து உரிமையாளர் மெயில். புதிய மெயிலாக, நிறுவனத்தின் சொந்த டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்கவில்லை. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், அப்புறம் மீட்பதற்கான கடிதம் எங்கே வரும்? பங்குதாரர் இருவருக்கும் பாஸ்வேர்டு தெரிந்த தனி மெயில் ஒன்றைத் தொடங்கினோம். இளைஞர் தன் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, 60 நாள் பூட்டு வேண்டாம் என்ற பெட்டியை முதலில் டிக் செய்தார். பிறகுதான் மெயிலை மாற்றினார். பழைய மெயிலுக்கு வந்த உறுதியை அவர் சொடுக்க, புதியதை நாங்கள் சொடுக்கினோம். டொமைனின் நிலைப் பட்டியலில் மாற்றத் தடை நீங்கியது, கோடு வந்தது.

புதிய பதிவாளரிடம் கோடைப் போட்டுப் பணம் கட்டினோம். 'சம்மதமா' என்று கேட்கும் மெயில் இந்தத் தடவை எங்கள் தனி மெயிலுக்கே வந்தது. அதிலேயே உடனே ஒப்புக்கொள்ளும் இணைப்பும் இருந்ததால் 5 நாள் காத்திருக்கவில்லை. மாற்றத்தோடு ஒரு வருடம் சேர்ந்துகொள்ளும் என்பதால் டிசம்பர் காலாவதிக் கவலையும் அங்கேயே தீர்ந்தது. காலாவதிக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. தேதி தாண்டினால் தானியங்கிப் புதுப்பிப்பு, அதற்கான சலுகைக் காலம் என்று கணக்குக் குழம்பும். அதையும் தாண்டி அழிப்புக்குப் போய்விட்டால் 30 நாள் மீட்புக் காலத்தில் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

புதிய இடத்தில் உடனே பூட்டுப் போட்டு, இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கினோம். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, மீட்புக் குறியீடுகள் அலுவலகப் பெட்டகத்தில் பத்திரங்களோடு இருக்கின்றன.

டாட் இன் கொஞ்சம் தாமதமானது. உரிமையாளர் பெயரை நிறுவனத்துக்கு மாற்ற டாட் இன் பதிவாளர் அடையாள ஆவணம் கேட்டார். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் கம்பெனிப் பெயரின் எழுத்துக்கூட்டு ஒரு மாதிரியும் பான் அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்ததால் ஒரு தடவை திரும்பி வந்தது. பங்குதாரர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இணைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள். கண்காட்சிக்குப் போவதற்கு முன் அதுவும் வந்து சேர்ந்தது, இரண்டாவது தவணையும் அன்றே போனது.

வெப்சைட் வேலையை இப்போதும் அந்த இளைஞரே பார்க்கிறார். பில்லில் டொமைன் என்ற வரி இல்லை. ஏஎம்சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்பணமாகப் போகிறது.